ஊர் மாறினால் வரி குறையுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 27 வருடமாக வரிக் கணக்கு எழுதுகிறேன். கொலுசுப் பட்டறைக்காரர்கள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், லாரி ஓட்டுபவர்கள் என்றுதான் முதல் இருபது வருடம் போனது. கொரோனாவுக்குப் பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்றால், வரி குறைவான இடமாகப் பார்த்துப் போய் உட்காரக் கூடாதா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. சட்டத்துக்குள் நின்று வரியைக் குறைத்துக்கொள்வது யாருக்கும் உள்ள உரிமை.

இந்த மாதம் வந்ததில் ஐந்து கடிதங்கள் இதையே சுற்றி வருவதால் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, நான் இங்கே சொல்லும் அடிப்படைகள் அப்படியே இருக்கின்றன.

பெங்களூரில் மென்பொருள் வேலை. ஆண்டுச் சம்பளம் 24 லட்சம், அதில் அடிப்படைச் சம்பளம் 12 லட்சம். இப்போது முழுக்க வீட்டிலிருந்தே வேலை. பெங்களூரில் வாடகை மாதம் 32,000. அம்மாபேட்டையில் அப்பா வீடு இருக்கிறது, ஆனால் தறிச் சத்தத்தில் மீட்டிங் பேச முடியாது. ஏற்காட்டில் 14,000 வாடகையில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். கர்நாடகாவை விட்டு வந்தால் வரியும் குறையும் என்கிறார்கள் தோழிகள். உண்மையா? பழைய வரி முறையில் இருக்கிறேன். பி.எஃப். வகையில் ஒன்றரை லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 கழிக்கிறார்கள்.
— வாசகி, பெங்களூரு

உண்மை இல்லை அம்மா. வருமான வரி மத்திய அரசின் வரி. கோரமங்களாவில் உட்கார்ந்து சம்பாதித்தாலும், ஏற்காடு ஏரிக்கரையில் உட்கார்ந்து சம்பாதித்தாலும் விகிதம் ஒன்றுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வருமான வரி வேறு. டெக்சாஸ், ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது. அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நம் மாநிலங்களுக்கு நடுவே சம்பளக்காரருக்கு வித்தியாசம் வரக்கூடியது தொழில் வரி ஒன்றுதான். அதற்கும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சம் என்று அரசியல் சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது.

உங்கள் விஷயத்தில், ஏற்காட்டுக்கு வந்தால் வரி கூடும். எப்படி என்று சொல்கிறேன். பழைய முறையில் வீட்டு வாடகைப்படிக்குக் கிடைக்கும் விலக்கு, கொடுக்கும் வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தது போக மீதிதான். இன்னும் இரண்டு வரம்புகள் உண்டு, அவை உங்களுக்கு இடிக்காது. இப்போது ஆண்டு வாடகை 3,84,000. அதில் 1,20,000 போக 2,64,000 விலக்கு. ஏற்காட்டில் ஆண்டு வாடகை 1,68,000. அதில் 1,20,000 போனால் விலக்கு வெறும் 48,000. மீதி 2,16,000 ரூபாய்க்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஆக 67,392 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

சரி, இப்போது இன்னொரு கணக்கு. கடிதத்தைப் படித்ததும் பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பழைய முறையில் எல்லாக் கழிவும் போக உங்கள் வரிக்குரிய வருமானம் 19,08,500. செஸ் சேர்த்து வரி 4,00,452. புதிய முறைக்குப் போனால் வாடகைப்படி விலக்கு கிடையாது, பி.எஃப்., காப்பீடு கழிவும் கிடையாது. நிலையான கழிவு 75,000 மட்டும். ஆனாலும் வரி 2,92,500-தான் வருகிறது. இருந்த இடத்தை விட்டு ஓர் அடி நகராமலே 1,07,952 ரூபாய் மிச்சம்!

உங்களைப் போல நிறையப் பேர் வருட ஆரம்பத்தில் அலுவலகம் கேட்ட படிவத்தில் போன வருடம் எழுதியதையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 2025 பட்ஜெட்டில் புதிய முறையின் படிகள் பெரிய அளவில் மாறின. 4 லட்சம் வரை வரி இல்லை, 30 சதவீதம் என்பது 24 லட்சத்துக்கு மேல்தான். பழைய முறையில் 10 லட்சத்திலேயே 30 தொடங்கிவிடுகிறது. அலுவலகம் பழைய முறையில் பிடித்திருந்தாலும் கவலை வேண்டாம். வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர், ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போடும்போதே புதிய முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கூடுதலாகப் பிடித்தது ரீஃபண்டாக வந்துவிடும்.

புதிய முறைக்கு மாறிய பிறகு நீங்கள் எங்கே எவ்வளவு வாடகை கொடுத்தாலும் வரிக்கு அதோடு சம்பந்தம் இல்லை. அப்போது ஏற்காட்டு வீட்டால் மிச்சமாகும் 2,16,000 ரூபாய் முழுசாக உங்கள் கையில்.

வீட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நான் பிறந்து வளர்ந்தது அந்த மலையில்தான். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள், அதுவும் அக்டோபர், நவம்பர் மழையில். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பனி இறங்கினால் பகலிலேயே விளக்குப் போட்டுத்தான் வண்டி வரும். காற்றடித்து மரம் விழுந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏரியைச் சுற்றிக் கிடைக்கும் சிக்னல் இரண்டு வளைவு தள்ளிப் போனால் கிடைக்காது. இன்வெர்ட்டர், இரண்டு வேறு கம்பெனி இணையம், மழை நாளுக்கு அம்மாபேட்டையில் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை, இவ்வளவும் இருந்தால் தாராளமாக வாருங்கள். வேலை செய்யும் இடம் மாறுவதை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள் வா என்று கூப்பிட்டால் தொப்பூர் கணவாயைத் தாண்டி இருநூறு கிலோமீட்டர் போய்வர வேண்டியது நீங்கள்தானே.

சிக்கிமில் வருமான வரியே கிடையாதாமே? அங்கே போய் ஒரு வருடம் இருந்தால் போதுமா?
— வாசகர், ஆத்தூர்

போதாது. அந்த விலக்கு சிக்கிம்காரர்களுக்கு. 1975-இல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்தபோது அந்த மக்களுக்கு இருந்த உரிமையின் தொடர்ச்சி அது. இணைப்புக்கு முன்பே அங்கே குடியேறியிருந்த இந்தியர்களுக்கும் அது உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது போய்க் குடியேறுபவருக்கு இல்லை.

ஆறு வருடமாக அமெரிக்க நிறுவனங்களுக்கு ஃப்ரீலான்ஸாக மென்பொருள் செய்து கொடுக்கிறேன். ஓமலூரில் வீட்டு மாடிதான் அலுவலகம், ஜி.எஸ்.டி. பதிவும் அந்த முகவரியில். வருடம் 40 லட்சம் வருகிறது, எல்லாம் வங்கி வழியாக. செலவு 6 லட்சம் போக 34 லட்சத்துக்கு வரி 6 லட்சத்தைத் தாண்டுகிறது. துபாயில் ரிமோட் ஒர்க் விசா தருகிறார்கள், அங்கே வருமான வரி இல்லை. ஒரு வருடம் போய் இருந்துவிட்டு வரலாமா? கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா ஊரில் இருக்கிறார்கள்.
— வாசகர், ஓமலூர்

தம்பி, உங்கள் கடிதத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். விசா எடுக்கும் முன்பே கேட்டீர்கள், அது நல்லதாகப் போயிற்று.

முதலில் இந்த 6,24,000 ரூபாய். இதை நீங்கள் கட்ட வேண்டியதே இல்லை. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கணக்காளர், தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்பவர் போன்றோருக்கு உத்தேச வருமான முறை என்று ஒன்று உண்டு. பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்ற பிரிவு. வரவு 50 லட்சத்துக்குள், அல்லது ரொக்கமாக வந்தது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவுக்குக் கணக்குப் புத்தகம் காட்ட வேண்டாம், தணிக்கை வேண்டாம். முன்கூட்டிய வரியையும் நான்கு தவணையாகக் கட்டாமல் மார்ச் 15-க்குள் ஒரே தடவையில் கட்டலாம்.

உங்கள் 40 லட்சத்தில் பாதி 20 லட்சம். புதிய முறையில் அதற்கு வரி 2 லட்சம், செஸ் 8 ஆயிரம். மொத்தம் 2,08,000. இதுவரை கட்டியதில் மூன்றில் ஒரு பங்கு. ஓமலூர் மாடியிலேயே இருந்துகொண்டு வருடம் 4,16,000 ரூபாய் குறைகிறது. இத்தனை வருடம் உங்களுக்குக் கணக்குப் பார்த்தவர் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடுத்த தடவை அவரிடம் நேராகக் கேளுங்கள். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை ஏற்றுமதி. ஒப்புறுதிப் படிவம் (எல்.யூ.டி.) தாக்கல் செய்துவிட்டால் ஜி.எஸ்.டி. கட்டாமலே அனுப்பலாம். அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, துபாய் போய் நீங்கள் மிச்சப்படுத்தக்கூடியது 6 லட்சம் இல்லை, 2,08,000. மாதத்துக்கு 17,333 ரூபாய். அந்தப் பணத்துக்குத் துபாயில் பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு கட்டில் கிடைக்கலாம். தனி வீடு கிடைக்காது. விசா கட்டணம், கட்டாய மருத்துவக் காப்பீடு, விமானச் செலவு எல்லாம் இதற்கு மேல்.

செலவானாலும் பரவாயில்லை, போகிறேன் என்றால் அடுத்ததையும் கேளுங்கள். விசா என்பது அந்த நாடு உங்களை உள்ளே விடும் அனுமதி. நீங்கள் இங்கே வரி கட்ட வேண்டுமா என்பதை நம் சட்டம் நாட்களை எண்ணித்தான் முடிவு செய்கிறது. ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் இந்தியாவில் இருந்துவிட்டால் நீங்கள் உள்நாட்டுவாசி. உலகத்தில் எங்கே சம்பாதித்ததற்கும் இங்கே வரி. வேலைக்காக வெளிநாடு போகிற வருடத்தில் இந்த 182 நாள் கணக்கு. சொந்தத் தொழிலுக்காகப் போவதும் இதில் சேரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஏப்ரல் 1-இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-ஆம் தேதி 181-ஆவது நாள். அதற்குள் கிளம்பி, மார்ச் 31 வரை திரும்பி வராமலே இருக்க வேண்டும். கிளம்பும் நாளும் கணக்கில் சேரும்.

வராமலே இருக்க வேண்டும் என்பதை எழுதுவது சுலபம். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு தம்பி செப்டம்பர் 20-ஆம் தேதி கிளம்பினான். 173 நாள். என்னிடம் கேட்டுத்தான் போனான், நானும் சரி என்றுதான் சொன்னேன். ஜனவரியில் அவன் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை. ஒரே மகன். வந்தான், 47 நாள் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக இருந்தான். மொத்தம் 220 நாள். அந்த வருடம் துபாயில் சம்பாதித்தது எல்லாம் இங்கே வரிக்குள் வந்துவிட்டது. முன்கூட்டிய வரி கட்டாததால் வட்டியும் சேர்ந்தது. அப்பா பக்கத்தில் இருந்ததற்காக அவன் ஒரு நிமிடம்கூட வருந்தவில்லை, வருந்தவும் கூடாது. ஆனால் ஒரு வருடத்து வரிப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் போனதில் மிகவும் கஷ்டப்பட்டான். அதைச் சொல்லி அனுப்பாதது என் தவறு. அதனால்தான் உங்கள் கடிதத்தில் "அப்பா, அம்மா ஊரில்" என்ற வரியை இரண்டு தடவை படித்தேன்.

இதையும் தாண்டி, ஃப்ரீலான்ஸ் செய்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 2020-இல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். இந்தியக் குடிமகன், இந்தியா சார்ந்த வருமானம் 15 லட்சத்துக்கு மேல், வேறு எந்த நாட்டிலும் வரிப் பொறுப்பு இல்லை என்றால், அவர் ஒரு நாள்கூட இங்கே தங்காவிட்டாலும் உள்நாட்டுவாசியாகவே கருதப்படுவார். சம்பளத்துக்குத் துபாய் போகிறவருக்கு இது பெரும்பாலும் இடிக்காது, அவருடைய சம்பளம் வெளிநாட்டு வருமானம். உங்களுக்கு இடிக்கலாம். ஏனென்றால் இந்தியாவில் தொடங்கி நிலைநிறுத்திய தொழிலிலிருந்து வரும் பணம், அது டாலரில் வெளிநாட்டிலிருந்து வந்தாலும், இந்தக் கணக்கில் சேரும். ஆறு வருடம், ஓமலூர் முகவரி, ஜி.எஸ்.டி. பதிவு, அதே வாடிக்கையாளர்கள். இந்தத் தொழில் எங்கே தொடங்கியது என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வீர்கள்? துபாயில் உங்களைப் போன்ற தனிநபர் தொழில் வரவு ஆண்டுக்கு 10 லட்சம் திர்ஹமைத் தாண்டினால்தான் அங்கே கார்ப்பரேட் வரி எட்டிப்பார்க்கும். நீங்கள் அதற்கு வெகு கீழே. அங்கே வரிப் பொறுப்பு இல்லை என்ற அதே காரணம் இங்கே உங்களைப் பிடித்துக் கொடுக்கும்.

இந்தியாவை விட்டு வெளிநாட்டுவாசி ஆனால் வேறு சிலதும் மாறும். சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டுவாசிகள் இங்கே வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், அதன் வட்டிக்கு வங்கி 30 சதவீதம் பிடிக்கும். 12 லட்சம் வரை வரி இல்லாமல் ஆக்கும் தள்ளுபடி உள்நாட்டுவாசிக்கு மட்டும்தான். ஊரில் ஒரு மனை விற்றால் வாங்குபவர் ஒரு சதவீதத்துக்குப் பதில் பல மடங்கு வரி பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்.

துபாய் வேண்டாம், வேறு நாடு பார்க்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். போர்ச்சுகல் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்துவந்த பெரிய வரிச்சலுகை 2023-ஓடு புதியவர்களுக்கு மூடப்பட்டது. தாய்லாந்தில் வருடத்தில் 180 நாள் இருந்தால் அந்த நாட்டு வரிவாசி. 2024 ஜனவரி 1 முதல் சம்பாதித்த வெளிநாட்டு வருமானத்தை அங்கே கொண்டுவந்தால் வரி உண்டு. விசாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

துபாயைப் பார்க்க வேண்டும், வேறு ஊரில் தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் கட்டாயம் போங்கள், இந்த வயதில்தான் போக முடியும். மாதம் 3,500 டாலர் வருமானம் காட்டினால் விசா கிடைக்கும். மூன்று மாதம் இருந்துவிட்டு வாருங்கள். இங்கே 2,08,000 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகப் போங்கள்.

நானும் வீட்டிலிருந்து டாலரில் சம்பாதிக்கிறேன். சேர்வராயன் மலையில் இரண்டு ஏக்கர் காபித் தோட்டம் வாங்கி, வருமானத்தை விவசாய வருமானமாகக் காட்டினால் வரியே இல்லை என்று ஒரு நிலத் தரகர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், சங்ககிரி

செய்யாதீர்கள். அது வரித் திட்டமிடல் இல்லை, பொய்க் கணக்கு. டாலரில் வரும் பணத்துக்கு என்ன சேவைக்காக வந்தது என்று வங்கி ஒரு குறியீடு போடுகிறது. அதை அழித்துக் காபி என்று எழுத முடியாது. விவசாய வருமானம் என்று பெரிதாகக் காட்டினால் பட்டா, சிட்டா, அடங்கல், பழம் எடுத்த வியாபாரியின் பில், கூலிப் பட்டியல் எல்லாம் கேட்பார்கள். இரண்டு ஏக்கரில் இவ்வளவு விளையுமா என்பது கேட்பவருக்கும் தெரியும்.

இந்தத் தரகர்கள் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. என் அப்பா நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். விடியற்காலையில் பேரேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பனியில் நடந்து போவார். நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கினால் பிப்ரவரி வரை பறிப்பு. யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று சாயங்காலம் தராசுப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேராக எழுதுவார். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த செடி என்பார்கள். இருநூறு வருடமாக அந்தச் சரிவில் நிழல் மரம் வெட்டி, மிளகுக் கொடி ஏற்றி, தண்டுத் துளைப்பான் விழுந்த செடியைப் பிடுங்கி எரித்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். விவசாயிக்கு வரி இல்லை என்பது அவர்களுக்காக வைத்தது.

உண்மையாகவே தோட்டம் வைத்து விளைவிக்க ஆசை இருந்தால் வாங்குங்கள். கணக்கு இப்படி. பறித்த பழத்தை அப்படியே விற்றால் முழுவதும் விவசாய வருமானம். நீங்களே விளைவித்துப் பதப்படுத்திக் கொட்டையாக விற்றால் லாபத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம், அதற்கு வரி. வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதம். விவசாயப் பங்கு 5,000 ரூபாயைத் தாண்டி, உங்கள் மற்ற வருமானமும் வரி வரம்பைத் தாண்டினால், விவசாய வருமானத்தைச் சேர்த்துப் பார்த்துத்தான் மற்றதற்கு விகிதம் போடுவார்கள். தோட்டத்துக்குள் இரண்டு அறை கட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் அந்த வாடகை விவசாயம் ஆகாது.

என் மகன் நான்கு வருடமாகத் துபாய் கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கிறான். மருமகளுக்குத் தலைப்பிரசவம், பிப்ரவரியில் எதிர்பார்க்கிறோம். அவன் மூன்று மாதம் இங்கே வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்கிறான், கம்பெனியும் சம்மதித்துவிட்டது. இங்கே அவனுக்கு ஒரு வீட்டு வாடகை மட்டும் வருகிறது, மாதம் 11,000. வந்தால் வரி வந்துவிடும் என்று சம்பந்தி பயமுறுத்துகிறார். வரச் சொல்லலாமா?
— வாசகி, அஸ்தம்பட்டி

வரச் சொல்லுங்கள் அக்கா. வெளிநாட்டில் இருக்கும் குடிமகன் ஊர் பார்க்க வரும்போது 182 நாள்தான் எல்லை. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் அது 120 நாளாகச் சுருங்கும். உங்கள் மகனுக்கு இங்கே வருவது ஆண்டுக்கு 1,32,000 ரூபாய் வாடகை. மூன்று மாதத்தால் அவன் உள்நாட்டுவாசி ஆகிவிட மாட்டான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இங்கே உட்கார்ந்து வேலை செய்த நாட்களுக்கான சம்பளம், வெளிநாட்டுவாசிக்கும் இந்திய வருமானம்தான். அதற்கு இந்தியா, அமீரகம் இரண்டுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. இங்கே 183 நாளுக்குள் இருக்க வேண்டும், சம்பளம் தருவது இந்திய நிறுவனமாகவோ துபாய் கம்பெனியின் இந்தியக் கிளையாகவோ இருக்கக் கூடாது. அந்த விலக்கைக் கேட்க, அமீரகத்தில் அந்தக் காலண்டர் வருடத்தில் 183 நாளாவது இருந்ததாக அங்கிருந்து வரிவாசிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மீதி மாதங்கள் அவன் அங்கேதான் இருக்கப் போகிறான், அதனால் கிடைத்துவிடும். கிளம்பும் முன்பே கம்பெனியில் சொல்லி வைக்கட்டும். பாஸ்போர்ட்டில் வந்த தேதி, போன தேதி முத்திரைப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு யோசனை. நம் நிதியாண்டு மார்ச் 31-ஓடு முடிகிறது. பிப்ரவரி நடுவில் வந்து மே நடுவில் திரும்பினால் நாட்கள் இரண்டு வருடத்தில் பிரிந்துவிடும், இரண்டிலும் 50 நாள்கூட ஆகாது. அடுத்த வருடம் முதல் பிறந்தநாளுக்கு அவன் வருவதற்கும் நாள் மிச்சம் இருக்கும். குழந்தைக்குப் பெயர் வைப்பது, தொட்டில் போடுவது எல்லாம் அவன் இருக்கும்போதே முடிந்துவிடும். திரும்பிப் போகும்போது மாம்பழமும் வந்திருக்கும், ஒரு பெட்டி கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.